அம்மாவின் குரல் கேட்கும் வாழ்த்து அட்டை: கியூஆரா, என்எஃப்சியா, எத்தனை ஆண்டு நிலைக்கும்?

தீபாவளிக்கு 80 வாழ்த்து அட்டைகளை அச்சிட்டுச் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் இருக்கும் உறவினர்களுக்கு அனுப்பப் போவதாகவும், அட்டையின் மேல் திறன்பேசியைப் பிடித்தால் 81 வயதான உங்கள் அம்மாவின் குரலில் வாழ்த்து கேட்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் கியூஆர் குறியீடு போதுமா, திறன்பேசியை அருகில் வைத்தாலே முகவரியைத் தரும் சில்லு கொண்ட என்எஃப்சி ஒட்டுவில்லை வைக்க வேண்டுமா, அட்டையின் படம் திரையில் எழுந்து அசையும் மிகைமெய்த் தொழில்நுட்பம் நல்லதா, எதைச் செய்தாலும் அது எத்தனை ஆண்டுகள் இயங்கும் என்பவை உங்கள் கேள்விகள். இந்தச் சிங்கப்பூர்த் தீவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திருமண அழைப்பிதழ்களும் வாழ்த்து அட்டைகளும் வடிவமைத்து அச்சுக்கு அனுப்பி வருகிறேன். நான் செய்து கண்டவற்றையும், செய்து தவறியவற்றையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லா அட்டைகளிலும் கியூஆர் குறியீட்டை அச்சிடுங்கள். அந்தக் குறியீடு வேறொரு நிறுவனத்தின் இடைமுகவரிக்குப் போகாமல், உங்கள் பெயரில் நீங்களே பதிவுசெய்த இணைய முகவரிக்கு நேராகப் போகட்டும். உள்ளூரிலும் ஜோகூரிலும் நெருங்கிய உறவினர்கள் பத்துப் பேருக்கு வேண்டுமானால் என்எஃப்சி வில்லையையும் சேர்த்து ஒட்டலாம். மிகைமெய் வேண்டாம். குரல் பதிவின் மூலக் கோப்பை மூன்று வெவ்வேறு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அதன் காரணம் போகப் போகத் தெரியும்.

திறன்பேசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அட்டையைப் பற்றிப் பேச வேண்டும். 1843ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் கால்கட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்து, ஆயிரம் படிகள் அச்சிட்டு, ஒரு ஷில்லிங் விலைக்கு விற்ற கிறிஸ்துமஸ் அட்டைதான் விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாகக் கருதப்படுகிறது. யாருக்கு, யாரிடமிருந்து என்று கையால் எழுதுவதற்காக அந்த அட்டையிலேயே இடம் விடப்பட்டிருந்தது. எஞ்சியிருக்கும் படிகளை 180 ஆண்டுகள் கழித்து இன்றும் எந்தக் கருவியும் இல்லாமல் படிக்க முடிகிறது. நம் வீடுகளில் பொங்கல் வாழ்த்து அட்டைகளை வரவேற்பறைச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். அட்டையைத் திருப்பினால் அத்தையின் கையெழுத்து இருக்கும், மாமா கையொப்பமிட்ட மையின் நிறம்கூட நினைவில் நிற்கும். ஆகவே உங்கள் அட்டையும் திறன்பேசி இல்லாத ஒருவர் கையில் முழுமையான வாழ்த்தாக இருக்க வேண்டும். வாழ்த்து வாசகத்தை முழுவதும் தாளில் அச்சிட்டு, கையால் இரண்டு வரி எழுத இடம் விட்டு, தாளால் இயலாத ஒன்றை மட்டும், அதாவது குரலை மட்டும், திறன்பேசியிடம் ஒப்படையுங்கள். வாழ்த்தையே திரைக்குள் வைத்துவிட்டு அட்டையில் வெறும் குறியீட்டை மட்டும் அச்சிடுகிறவர்கள், வாங்குபவருக்கு ஒரு வேலையைத்தான் அனுப்புகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, குரல் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. கியூஆர் குறியீட்டுக்குள்ளேயே ஒலி இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1994ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு, வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கிய இந்தக் குறியீட்டின் மிகப் பெரிய வடிவம், பக்கத்துக்கு 177 கட்டங்கள் கொண்டது. அதுகூட அதிகபட்சம் 2,953 பைட் தரவைத்தான் கொள்ளும். உங்கள் அம்மா ஒரு நிமிடம் பேசுவதை நொடிக்கு 64 கிலோபிட் என்ற எளிய தரத்தில் எம்பி3 கோப்பாக மாற்றினால் அது ஏறத்தாழ 480 கிலோபைட் வரும். அதாவது அந்த மிகப் பெரிய குறியீட்டைப் போல 160 மடங்கு. எனவே குறியீட்டில் இருப்பது குரல் அல்ல, குரல் இருக்கும் வீட்டின் முகவரி மட்டுமே. என்எஃப்சி வில்லையிலும் மிகைமெய்யிலும் நிலைமை இதுதான். அட்டை பத்திரமாக இருந்தும் அந்த வீடு இடிந்துபோனால், உங்கள் கையில் இருப்பது ஆளில்லாத முகவரி எழுதிய ஒரு தாள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2014ல் ஒரு குடும்பத்துக்காக 60 பொங்கல் அட்டைகள் செய்து கொடுத்தேன். அந்த வீட்டுத் தாத்தா தேவாரம் பாடிய பதிவு ஒன்றை இலவச ஒலிப்பகிர்வுத் தளத்தில் ஏற்றி, நீண்ட முகவரியைச் சுருக்கித் தரும் இன்னொரு சேவையின் வழியாக அதைக் குறியீடாக்கினேன். அந்த ஆண்டு எல்லாரும் கேட்டார்கள், மகிழ்ந்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தாத்தா காலமானார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்த வாரத்தில், அவருடைய மகள் பேழையிலிருந்து அந்த அட்டையை எடுத்துத் திறன்பேசியைப் பிடித்திருக்கிறார். அப்படி ஒரு பக்கமே இல்லை என்ற அறிவிப்புதான் வந்தது. ஒலிப்பகிர்வுத் தளம் தன் இலவசக் கணக்குகளை எப்போதோ நீக்கியிருந்தது. மூலக் கோப்பு என்னிடம் இருக்கும் என்று நம்பி அவர் என்னை அழைத்தார். அது பழுதாகிப்போன என் பழைய கணினியோடு போய்விட்டிருந்தது. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்த அழைப்பை முடித்தபோது என் மனம் பட்ட பாட்டை இன்றுவரை மறக்க முடியவில்லை. அதன் பிறகு, மூலக் கோப்பைக் குடும்பத்தின் கையில் கொடுக்காமல் ஓர் அட்டையைக்கூட நான் அச்சுக்கு அனுப்பியதில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகள் கழித்துக் கிடைக்கவில்லை என்று கண்டறிந்தது. பெரிய நிறுவனத்தின் சேவை என்பதாலேயே அது நிலைத்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. கூகல் தன் குறுமுகவரிச் சேவையில் புதிய முகவரிகள் உருவாக்குவதை 2019ல் நிறுத்தியது. பழைய முகவரிகளும் 2025 ஆகஸ்ட்டில் செயலிழக்கும் என்று பின்னர் அறிவித்து, கடைசி நேரத்தில்தான் பயன்பாட்டில் உள்ளவற்றை விட்டுவைப்பதாக மாற்றிச் சொன்னது. ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் பண்டிகைக்கு மட்டும் திறக்கப்படும் ஒரு குடும்பத்தின் முகவரி, எந்த நிறுவனத்தின் கணக்கிலும் பயன்பாட்டில் உள்ளதாகத் தெரியப்போவதில்லை.

ஆகையால் குறியீடு செய்து தரும் தளங்களில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். நிலையான குறியீடு, மாறும் குறியீடு என்று இரண்டு வகைகளைக் காட்டுவார்கள். மாறும் குறியீட்டில் அச்சாவது உங்கள் முகவரி அல்ல, அந்தத் தளத்தின் முகவரி. குறியீட்டைத் திறன்பேசியால் வருடுகிறவர் முதலில் அவர்களுடைய கணினிக்குச் சென்று, அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடப்படுகிறார். பிற்பாடு இலக்கை மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதியும், எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சந்தா நின்ற மறுநாள் அந்தக் குறியீடு பெரும்பாலும் செத்துவிடும். கடைகளின் விளம்பரத்துக்கு அது பொருந்தலாம். பெட்டிக்குள் பத்திரப்படுத்தப்படும் அட்டைக்கு நிலையான குறியீடுதான் பொருத்தம். குடும்பப் பெயரில் சிறியதாக ஒரு இணைய முகவரியைப் பதிவுசெய்யுங்கள். 'டாட் காம்' போன்ற முகவரிகளை ஒரே முறையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குப் பதிவுசெய்துகொள்ள முடியும். அதில் ஒரே ஒரு பக்கமும் ஓர் ஒலிக் கோப்பும் போதும். நாளைக்குக் கோப்பை வேறு இடத்துக்கு மாற்ற நேர்ந்தாலும் முகவரி உங்களுடையது என்பதால், ஏற்கெனவே அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்ட 80 அட்டைகளும் தொடர்ந்து இயங்கும். புதுப்பிக்கும் பொறுப்பு வீட்டில் யாருடையது என்பதை மட்டும் இப்போதே பேசி முடிவுசெய்துவிடுங்கள்.

முகவரியை ஆங்கில எழுத்தில், 25 எழுத்துகளுக்குள் அடக்குங்கள் என்பேன். தமிழில் பக்கத்துக்குப் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் இடம் பிடிக்கும். 'னி' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்தானாலும் கணினிக்கு அகரமேறிய னகரமும் இகர அடையாளமுமாக இரண்டு குறிகள். 'இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்' என்ற தொடரை எண்ணிப் பார்த்தால் 25 குறிகளும் இரண்டு இடைவெளிகளுமாக 77 பைட் வருகிறது. அதே தொடர் இணைய முகவரியின் பகுதியானால், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரிந்து, 231 எழுத்துகள் ஆகிவிடும். 15 விழுக்காடு வரை சேதத்தை ஈடுசெய்யும் பிழை திருத்தத்தோடு அதைக் குறியீடாக்கினால் பக்கத்துக்கு 61 கட்டங்களாவது வேண்டும். 25 எழுத்துள்ள ஆங்கில முகவரிக்குப் பக்கத்துக்கு 25 கட்டங்கள் போதும். இரண்டையும் 25 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சிட்டுப் பாருங்கள். ஒன்றில் ஒவ்வொரு கட்டமும் ஒரு மில்லிமீட்டர், மற்றதில் அதில் பாதிகூட இல்லை. பழைய திறன்பேசியின் கீறல் விழுந்த கேமராவுக்கு இந்த வேறுபாடு பெரியது. தமிழைப் பக்கத்தின் உள்ளேயும் அட்டையின் மேலும் நிறைய எழுதுங்கள், முகவரிக்குள் திணிக்க வேண்டாம்.

அச்சில் நம்மவர்களின் தீபாவளி அட்டைகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. அரக்குச் சிவப்பில் பொன்னிறக் கோலம் என்பது நமக்குப் பிடித்த சேர்க்கை, ஆனால் அரக்கின் மேல் பொன்னிறத்தில் குறியீட்டை அச்சிட்டால் பல திறன்பேசிகள் தடுமாறும். வெளிர்நிறத்தின் மேல் அடர்நிறக் கட்டங்கள் என்பதுதான் குறியீட்டின் இலக்கணம். சில செயலிகள் அதைத் தலைகீழாகப் படிப்பதில்லை. பொன்னிழைத் தாள் விளக்கொளியைத் திருப்பி அடிப்பதால் கேமராவுக்குக் கண் கூசும். வெண்ணெய் நிறத் தாளில் அடர் அரக்கு மிக நன்றாக வருடப்படுகிறது, பார்வைக்கும் மங்கலமாக இருக்கிறது. குறியீட்டைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் இருக்க வேண்டும் என்பது தரநிலை. அந்த வெற்றிடத்தில் கோலத்தின் கம்பியோ குத்துவிளக்கின் நுனியோ நுழையக் கூடாது என்று வடிவமைப்பாளரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை வேலை செய்யாத அட்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தவறால்தான் வேலை செய்யவில்லை.

பிழை திருத்தத்தில் நான்கு நிலைகள் இருக்கின்றன. குறியீட்டில் ஏறக்குறைய 7, 15, 25, 30 விழுக்காடு வரை சேதமடைந்தாலும் அவை ஈடுசெய்யும். வாழ்த்து அட்டைக்கு நான் எப்போதும் 25 விழுக்காட்டு நிலையையே எடுக்கிறேன். 25 எழுத்து முகவரிக்கு அதனால் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள்தாம் கூடுகின்றன. நல்ல காரியத்துக்கான தாள் என்றால் மூலைகளில் மஞ்சள் தடவுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாமி படத்தின் கீழ் வைத்த அட்டையில் குங்குமம் சிந்தும், எண்ணெய்க் கையும் படும். குறியீட்டின் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் கெட்டுவிட்டால் எந்தப் பிழை திருத்தமும் காப்பாற்றாது. எனவே குறியீட்டை அட்டையின் மூலையில் வைக்காமல், உட்பக்கத்தின் கீழ்ப்பாதி நடுவில், மடிப்பிலிருந்து விலக்கி வையுங்கள். நடுவில் விளக்குப் படம் பதித்த குறியீடுகளை இப்போது பலர் கேட்கிறார்கள். அந்தப் படம் தின்பது இந்த ஈட்டுத்திறனைத்தான் என்பதை நினைவில் வைத்து, வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

என்எஃப்சி வேறு வகையான இன்பம் தருவது. குறியீடு எதுவும் கண்ணில் படாமல், அட்டையின் மேல் திறன்பேசியை வைத்த உடனே பக்கம் திறப்பதற்கான அறிவிப்பு வரும். வில்லைக்குள் மின்கலம் கிடையாது. திறன்பேசி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்பும் காந்தப்புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் அது வேலை செய்யும். பரவலாகக் கிடைக்கும் என்டேக்213 வகைச் சில்லில் பயனருக்கு 144 பைட் இடம் உண்டு. ஒரு முகவரிக்கு அது தாராளம். அதன் தயாரிப்பாளர் தரும் விவரக்குறிப்பு, எழுதிய தரவு பத்து ஆண்டுகள் நிலைக்கும் என்கிறது. ஒப்பிட்டால், அச்சிட்ட குறியீட்டுக்கு அப்படி ஒரு காலவரம்பே இல்லை, தாளும் மையும் இருக்கும்வரை அது இருக்கும். வில்லையில் முகவரியை எழுதிச் சோதித்த பிறகு, மறுபடி எழுத முடியாதபடி பூட்டிவிட மறக்காதீர்கள். பூட்டாத வில்லையில் வேறொருவர் வேறு முகவரியை எழுதிவிட முடியும்.

உங்கள் பட்டியலில் தஞ்சாவூர் இருப்பதால்தான் என்எஃப்சியை எல்லாருக்கும் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். இங்கே பணம் கட்டுவதற்கே திறன்பேசியைத் தட்டிப் பழகிவிட்டோம். ஊரில் பலர் கையில் இருக்கும் விலை குறைந்த திறன்பேசிகளில் என்எஃப்சி வசதியே இருப்பதில்லை. ஐபோனில்கூடச் செயலி எதையும் திறக்காமல் வில்லையைப் படிக்கும் வசதி 2018ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் வகைகளிலிருந்துதான் தொடங்குகிறது. கேமராவிலேயே கியூஆர் படிக்கும் வசதியோ 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோதே, அதை ஏற்கக்கூடிய பழைய ஐபோன்களுக்கும் சேர்த்து வந்துவிட்டது. இன்னொன்று, உலோகப் பூச்சுள்ள பளபளப்புத் தாளின் மேல் வில்லையை ஒட்டினால் அலை தடைப்படும். அஞ்சல் பிரிக்கும் இயந்திரத்தில் உருளைகளுக்கு இடையே வளையும்போது சில்லு உடைவதும் உண்டு. கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் பத்து அட்டைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது இதனால்தான். எழுதாத வெறும் வில்லைகளைச் சிம் லிம் டவரில் மின்னணுப் பாகங்கள் விற்கும் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

மிகைமெய்யைப் பொறுத்தவரை, அட்டையின் மேலிருந்து மயில் தோகை விரிக்கும் காட்சியைப் பார்த்தால் குழந்தைகள் துள்ளுவார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது நிற்கும் தரை மிக மெலிது. பிலிப்பார் என்ற முன்னோடி மிகைமெய் நிறுவனம் 2018 டிசம்பரில் நொடித்து, திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. மெட்டா நிறுவனம் மிகைமெய்க்கான தன் ஸ்பார்க் தளத்தை 2025 ஜனவரி 14ஆம் தேதி மூடியபோது, உலகெங்கும் வெளியார் அதில் செய்து வைத்திருந்த காட்சிகள் ஒரே நாளில் மறைந்தன. மேலும் ஒன்று, கோலம் போட்ட அட்டையை மிகைமெய்க்குப் பயன்படுத்துவது கடினம். திறன்பேசி ஒரு படத்தை அடையாளம் காண்பது, அதில் உள்ள கூர்மையான, ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத புள்ளிகளைக் கொண்டுதான். கம்பிக் கோலத்தின் அழகே வளைவும் சமச்சீரும் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதும்தான் என்பதால், எந்தப் பக்கம் மேல், எது இடப்புறம் என்று அது குழம்பிப்போகிறது. மிகைமெய்க்கான கூகலின் ஏஆர்கோர் கருவித்தொகுப்பு ஒரு படத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, 75 ஆவது இருக்கட்டும் என்று அறிவுறுத்துகிறது. நான் ஏற்றிப் பார்த்த கோலங்கள் அதற்கு மிகக் கீழே நின்றன. உங்கள் பேரப்பிள்ளைகள் மெழுகு வண்ணத்தில் கிறுக்கிய தீபாவளிக் காட்சிக்கு ஒருவேளை நல்ல மதிப்பெண் கிடைக்கும். அதை அட்டையின் முன்பக்கப் படமாகவே வைத்துவிடலாமே.

பிள்ளைகளுக்கு அட்டையில் ஏதாவது அதிசயம் வேண்டும் என்றால், தாளிலேயே சுற்றமைத்து விளக்கு எரிய வைக்கும் வழி ஒன்று இருக்கிறது. ஜீ சீ என்பவரும், சிங்கப்பூரில் வாழும் வன்பொருள் பொறியாளர் ஆண்ட்ரூ பன்னி ஹுவாங்கும் தொடங்கிய சிபிட்ரானிக்ஸ் நிறுவனம், செம்புப் பட்டையையும் ஒட்டுவில்லை விளக்குகளையும் கொண்டு அகல் சுடர் மினுக்கும் அட்டையைப் பத்து வயதுப் பிள்ளையும் செய்யும்படி ஆக்கியிருக்கிறது. அதன் சிறிய சில்லு ஒன்றுக்குத் திறன்பேசியின் ஒலிச்செருகு வழியாகவே நிரலை ஏற்றலாம். 80 அட்டைகளுக்கு இது ஆகாத காரியம். பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் தரும் ஒற்றை அட்டைக்கு இதைவிட நல்லதை நான் காணவில்லை.

இனி, வாங்குபவரின் அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை வடிவமைப்பாளர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. நம் ஊரில் 2018ல் பணம் செலுத்துவதற்கான பொதுக் குறியீடான எஸ்ஜிகியூஆர் வந்து உணவங்காடி வரை குறியீடு பரவியது. 2020ல் கொவிட் காலத்தில் சந்தைக்குள் நுழைவதற்கே வருட வேண்டியிருந்தது. 2019 சீனப் புத்தாண்டுக்கு டிபிஎஸ் வங்கி, தாள் அட்டையில் அச்சிட்ட குறியீட்டில் பணத்தை ஏற்றி அன்பளிப்பாகத் தரும் முறையைக் கொண்டுவந்தது. அட்டையும் திறன்பேசியும் சேர்ந்து வேலை செய்வது அப்போதே பலருக்கு அறிமுகமாகிவிட்டது. அதே வேளையில், 2023ல் ஒரு பானக் கடையின் கதவில் ஒட்டியிருந்த குறியீட்டை வருடி, அது சொன்ன செயலியைப் பதிவிறக்கிய 60 வயதுப் பெண்மணி 20,000 வெள்ளி இழந்த செய்தியும் நாம் படித்ததுதான். அறியாத குறியீட்டைத் தொடாதீர்கள் என்று நம் பெரியவர்களுக்கு நாமே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அவர்கள் உங்கள் அட்டையைப் பார்த்துத் தயங்கினால், அது நாம் கற்பித்த நல்ல பாடம். அந்தத் தயக்கத்தை மதித்து அட்டையை அமையுங்கள். குறியீட்டின் அருகே, 'அம்மா பேசும் ஒரு நிமிட வாழ்த்து. எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை, எந்த விவரமும் கேட்காது' என்று அச்சிட்டு, அதன் கீழே இணைய முகவரியை எழுத்தாலும் கொடுத்து, அனுப்புகிறவர் தன் கையால் பெயர் எழுதட்டும். பக்கத்தில் கடவுச்சொல், பதிவுப் படிவம், பணம் அனுப்பும் வசதி என எதுவும் இருக்கவே கூடாது. மொய்ப் பணம் அனுப்ப வசதியாக இருக்குமே என்று யாராவது, பணம் அனுப்பும் பேநவ் சேவையின் குறியீட்டை அருகிலேயே அச்சிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். எது குரல், எது பணம் என்று தெரியாமல் ஒரு முதியவர் குழம்பும்படி ஓர் அட்டை இருக்கலாகாது.

பக்கத்தின் வடிவத்தில் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை. திறந்த உடனே குரல் தானாக ஒலிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். இன்றைய உலாவிகள் ஒருவர் திரையைத் தொடாமல் ஒலியைத் தொடங்க விடுவதில்லை. ஆகவே நடுவில் பெரியதாக ஒரு பொத்தானும், 'அம்மாவின் குரலைக் கேட்க இங்கே தொடுங்கள்' என்று பெரிய எழுத்தில் ஒரு வரியும் இருந்தால் போதும். காது மந்தமானவர்களுக்காக அம்மா சொன்னதை அப்படியே கீழே எழுதிவையுங்கள். முகவரி தெரிந்த எவரும் பக்கத்தைத் திறக்க முடியும் என்பதால், வீட்டு முகவரி, பிள்ளைகள் படிக்கும் பள்ளி போன்ற விவரங்கள் பதிவில் இடம்பெறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு மாதிரிகளாவது எடுங்கள். பென்கூலன் பக்கம் சன்ஷைன் பிளாசாவில் குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டுத் தரும் கடைகள் நிறைய இருக்கின்றன. திரையில் நன்றாக வருடப்படும் குறியீடு, மை ஊறும் சொரசொரப்பான தாளில் படிக்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆதலால் இறுதியில் பயன்படுத்தப்போகும் அதே தாளிலேயே மாதிரியும் இருக்க வேண்டும். அதை உங்கள் புதிய திறன்பேசியில் சோதிப்பது சோதனையாகாது. வீட்டில் இருப்பவற்றிலேயே பழைய திறன்பேசியைத் தேடி எடுத்து, மாலையில் வரவேற்பறை விளக்கின் மங்கலான ஒளியில், உறவில் மூத்தவர் ஒருவர் கையில் கொடுத்து, எதுவும் சொல்லாமல் அருகில் அமர்ந்து பாருங்கள். அவர் எந்த இடத்தில் நின்று உங்களை ஏறிட்டுப் பார்க்கிறாரோ அந்த இடத்தில்தான் அட்டையில் ஒரு சொல் குறைகிறது. அஞ்சல் செலவையும் இப்போதே கணக்கில் எடுங்கள். எடையும் கனமும் கூடினால் கட்டணமும் கூடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பதிவை எடுத்துவிடுங்கள், இந்த வாரமே. மின்விசிறியையும் குளிரூட்டியையும் நிறுத்தி, சன்னலைச் சாத்தி, திறன்பேசியை அம்மாவின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மேசைமேல் துணி விரித்து வையுங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் கீழ்த்தளத்து இரைச்சல் ஓய்ந்திருக்கும் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் நல்ல பதிவு கிடைக்கும். வாழ்த்து வாசகத்தை எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் பலருக்குக் குரல் விறைத்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, சிறு வயதில் தீபாவளி விடியலில் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டது யார் என்று கேளுங்கள். அவர் பேசத் தொடங்கியதும் நிறுத்தாமல் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஓட விட்டு, அதிலிருந்து ஒரு நிமிடத்தை அட்டைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மீதி முழுவதையும் உங்கள் கணினியில் ஒன்று, தங்கையின் வீட்டில் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் ஒன்று என மூன்று படிகளாகப் பிரித்து வைத்து, எந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதை ஓர் அட்டையின் பின்புறத்தில் பேனாவால் எழுதி அதையும் பேழையில் போட்டுவிடுங்கள்.